சிவப்பு கிரைஸ்லர் கண்ணைப் பறிக்கிறது. பத்திரம் யார் பெயரில்?

இந்தக் கேள்வியை அனுப்பியவருக்கு 61 வயது. மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டின் வடக்குப் புறநகர் ஒன்றில் மனைவியோடு வசிக்கிறார். கார் உதிரிபாகப் பொறியாளராக வேலை பார்த்து அண்மையில் ஓய்வு பெற்றவர். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

இளம் வயதிலிருந்தே அவருக்கு ஒரு கார் மீது தீராத ஆசை: 1960-ஆம் ஆண்டின் கிரைஸ்லர் 300எஃப், அதிலும் கூரை மடங்கும் கன்வர்ட்டிபிள். பக்கத்து மாநிலமான ஓஹியோவில், பழைய கார்களைப் புதுப்பித்து விற்கும் ஒருவரிடம் சிவப்பு நிறத்தில் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விலை 1,45,000 டாலர். “முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது, எண்கள் பொருந்தும் அசல் என்ஜின், பட்டன் கியர், 400 குதிரைத்திறன், 48,000 மைல் மட்டுமே ஓடியது” என்பது விளம்பரம். நேரில் போய்ப் பார்த்தவர் அன்றே 10,000 டாலர் முன்பணம் கொடுத்துவிட்டார். முன்பணம் திருப்பித் தரப்படாது, கார் உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது, மீதித் தொகையை 30 நாளில் செலுத்த வேண்டும் என்று ரசீது சொல்கிறது. இன்னும் 12 நாள் இருக்கிறது.

பிறகுதான் ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. காரின் டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம், விற்பவர் பெயரில் இல்லை. மூன்றாவது மனிதர் ஒருவர் பெயரில் இருக்கிறது. அவர் கையெழுத்தும் இருக்கிறது; வாங்குபவர் பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி. “உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், எல்லோரும் செய்வதுதான்” என்கிறாராம் விற்பவர். ஜெர்மனியிலிருந்து வேறொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றும் அவசரப்படுத்துகிறார்.

பணத்தை 401-கே ஓய்வூதியக் கணக்கிலிருந்து எடுக்கப்போகிறார் நம் வாசகர். மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. முன்பணம் போய்விடுமா, கார் அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது, ஐந்து ஆண்டு கழித்துக் கோவைக்குத் திரும்பும்போது கொண்டுபோக முடியுமா, மனைவி பெயரிலேயே வாங்கினால் அவர் மனம் மாறுமா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் ரசனையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. 1955-இல் 300 குதிரைத்திறனோடு வந்த சி-300-இல் தொடங்கி, ஆண்டுக்கொரு எழுத்தைச் சேர்த்துக்கொண்டு வந்த வரிசை அது. பந்தயத்தில் ஓடக்கூடிய என்ஜினும் முதலாளி வீட்டுக்குரிய தோல் இருக்கைகளும் ஒரே காரில் என்பதுதான் அதன் பெருமை. கன்வர்ட்டிபிள் 1957-இன் 300சி-யில் வந்தது. 1960-இல் 300எஃப் மொத்தம் 1,217 தயாரானது; அதில் கன்வர்ட்டிபிள் 248 மட்டுமே. கிரைஸ்லரின் வடிவமைப்பாளர் வர்ஜில் எக்ஸ்னரின் கையில் உருவான அந்த வால் துடுப்புகளும், கதவைத் திறந்ததும் வெளிப்பக்கம் திரும்பும் சுழல் இருக்கைகளும், விளக்கு பல்பு இல்லாமல் தானே ஒளிரும் அளவீட்டுப் பலகையும் யாரையும் மயக்கும்.

பானட்டைத் திறந்தால் இன்னும் அழகு. 413 கன அங்குல வி8 என்ஜின். கார்புரேட்டர் இரண்டும் நடுவில் இல்லாமல் ஆளுக்கொரு ஓரமாகத் தள்ளி உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து சுமார் 30 அங்குல நீளக் குழாய்கள் என்ஜினைக் குறுக்காகக் கடந்து எதிர்ப்பக்கச் சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும். வால்வு மூடும்போது எழும் அழுத்த அலை குழாயில் போய்த் திரும்பி, வால்வு மறுபடி திறக்கும் வேளையில் வந்து சேர்ந்து காற்றைக் கூடுதலாக உள்ளே தள்ளும். குழாயின் நீளத்தை அதற்கென்றே கணக்கிட்டிருக்கிறார்கள். பொறியாளரான உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்காக எழுதினேன். நானும் கொஞ்சம் ரசித்துக்கொண்டேன் என்பதும் உண்மை.

இனி வழக்கறிஞராகப் பேசுகிறேன். நீங்கள் காரை நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். காகிதத்தைப் பார்க்கவில்லை.

டைட்டில் சரியில்லாமல் மற்ற எதுவும் சரியாகாது

ஊரில் ஒரு மனை வாங்கப் போனால் வில்லங்கச் சான்றிதழ் எடுக்காமல், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்திருப்பீர்களா? அமெரிக்காவில் காருக்கு டைட்டில்தான் அந்த இடத்தில் இருக்கிறது. “எல்லோரும் செய்வதுதான்” என்று விற்பவர் சொன்னது ஒருவகையில் உண்மை. நிறையப் பேர் செய்கிறார்கள். அதனால் அது சட்டப்படி சரியாகிவிடாது. ஓஹியோவில் டைட்டிலின் பின்பக்கத்தில் வாங்குபவர் பெயரையும் விலையையும் எழுதிய பிறகுதான், உரிமையாளர் நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பெயரைக் காலியாக விட்டு முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்த காகிதம் அந்த நடைமுறையையே மீறியது. பதிவு அலுவலகத்தில் அதை நீட்டப்போகிறவர் நீங்கள். பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

ஒருவர் ஏன் இப்படிச் செய்கிறார்? பல காரணம் இருக்கலாம். தன் பெயருக்கு மாற்றினால் வரி கட்ட வேண்டும். ஓஹியோவில் 12 மாதத்தில் ஐந்துக்கு மேற்பட்ட வாகனங்களை விற்பவர் டீலர் உரிமம் பெற வேண்டும். உரிமம் இல்லாதவர் தன் பெயர் எந்தக் காகிதத்திலும் வராமல் பார்த்துக்கொள்வார். இவை அவருடைய தலைவலி. எனக்குக் கவலை தருவது வேறு. டைட்டிலில் இருக்கும் அந்த மூன்றாவது மனிதர் காரைப் புதுப்பிக்கக் கொடுத்தவராக இருந்து, கூலித் தகராறு தீராமல் இருந்தால்? அவர் காலமாகி, வாரிசுகளுக்கு இந்த விற்பனையே தெரியாமல் இருந்தால்? காரின் மேல் வங்கிக் கடன் நிலுவையில் இருந்தால்? ஓஹியோச் சட்டம் வாகன உரிமையில் டைட்டிலுக்கு மிகுந்த எடை தருகிறது. டைட்டில் உங்கள் பெயருக்கு வராதவரை, கார் உங்கள் கராஜில் நின்றாலும் அது உங்களுடையது என்று நீதிமன்றத்தில் நிலைநாட்டுவது கடினம்.

செய்ய வேண்டியது சிக்கலானது அல்ல. டைட்டிலில் உள்ள உரிமையாளரோடு நேரடியாகப் பேசுங்கள். விற்பவர் தொடர்பு கொடுக்க மறுத்தால் அந்த மறுப்பிலேயே உங்களுக்குப் பதில் இருக்கிறது. ஒன்று, உரிமையாளரே நோட்டரி முன்னிலையில் உங்கள் பெயருக்கு மாற்றித் தர வேண்டும். அல்லது விற்பவர் முதலில் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு பிறகு உங்களுக்கு விற்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

டைட்டிலில் உள்ள எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்பதையும் பாருங்கள். 1960 கிரைஸ்லரில் அடையாள எண் தகடு ஓட்டுநர் பக்க முன்கதவின் கீல் தூணில் ஸ்பாட் வெல்டிங் செய்து ஒட்டப்பட்டிருக்கும். 300எஃப் என்றால் எண் 8403 என்று தொடங்கும். 8303 என்று தொடங்கினால் அது நியூயார்க்கர் மாடல். அதற்கும் அதே 413 கன அங்குல என்ஜின்தான், கன்வர்ட்டிபிளும் உண்டு. ஆகவே ஒரு நியூயார்க்கரைப் பிடித்து, முன் கிரில்லையும் நீளக் குழாய்களையும் தனித்தனி இருக்கைகளையும் பொருத்தி 300எஃப் ஆக்குவது கைதேர்ந்தவருக்கு முடியாத வேலை அல்ல. தகட்டில் திருகாணியோ புது ரிவெட்டோ தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தெரிந்தே அடையாள எண்ணை அகற்றுவதும் மாற்றுவதும் கூட்டாட்சிச் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். மாநில விதிப்படி முறையாக மீட்டுப் பொருத்திய தகட்டுக்கு விலக்கு உண்டு. அப்படியானால் அதற்கு ஆவணம் இருக்க வேண்டும்.

இணையத்தில் கார் வரலாற்று அறிக்கை எடுத்துப் பார்த்தேன், எந்தக் குறையும் காட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தரவுத்தளங்கள் 17 எழுத்து எண்ணை வைத்து இயங்குபவை. அந்த முறை 1981 மாடல்களிலிருந்துதான் வந்தது. 1960 காரின் எண்ணைக் கொடுத்தால் அறிக்கை வெறுமையாக வருவதில் வியப்பில்லை. குறை இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள்.

விளம்பரத்தில் எழுதியது விற்பவரைக் கட்டுப்படுத்தும்

“உள்ளது உள்ளபடி” என்று கையெழுத்துப் போட்டுவிட்டேனே, இனி எதுவும் கேட்க முடியாதே என்று கலங்கியிருக்கிறீர்கள். அது பாதிதான் உண்மை. ஓஹியோவும் மிச்சிகனும் ஏற்றுக்கொண்டிருக்கும் ஒருங்கிணைந்த வணிகச் சட்டத் தொகுப்பின்படி, அந்தச் சொற்கள் சட்டம் தானாகத் தரும் மறைமுக உத்தரவாதங்களைத்தான் நீக்கும். விற்பவர் தானே முன்வந்து பொருளைப் பற்றிச் சொன்ன திட்டவட்டமான தகவல்கள், வாங்கும் முடிவுக்கு அடிப்படையாக இருந்தால், வெளிப்படையான உத்தரவாதம் ஆகும். “அருமையான கார்” என்பது வியாபாரப் பேச்சு. “400 குதிரைத்திறன்”, “அசல் என்ஜின்” என்பவை அப்படி அல்ல. கார் தனக்கு உரிமையானது, கடன் சுமை இல்லாதது என்ற உத்தரவாதமும் வெறும் “உள்ளது உள்ளபடி” என்பதால் மறைந்துவிடாது.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. இறுதி ஒப்பந்தத்தில் “இதில் எழுதியுள்ளவை மட்டுமே எங்கள் உடன்பாடு” என்று ஒரு வரி இருந்து, விளம்பரத்தில் சொன்னவை அதில் இடம்பெறாவிட்டால், உங்கள் வாதம் பெரிதும் வலுவிழக்கும். எனவே விளம்பரத்தின் படத்தை இன்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு கூற்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். உண்மையைச் சொன்னவருக்கு அதைக் காகிதத்தில் எழுதத் தயக்கம் இருக்காது.

அந்தக் கூற்றுகளில் ஒன்று எனக்கே உதைக்கிறது. 300எஃப்-இன் வழக்கமான என்ஜின் 375 குதிரைத்திறன். பட்டன் அழுத்தும் டார்க்ஃப்ளைட் தானியங்கி கியரோடு வந்தது. 400 குதிரைத்திறன் என்ஜின் தனி ரகம். உட்பாதையின் நீளம் குறைக்கப்பட்ட குழாய்களோடும், ஃபிரான்சில் செய்த பான்தாமூசோன் நான்கு வேகக் கைக்கியரோடும் விரல் விட்டு எண்ணக்கூடிய கார்களுக்கே அது போனது. பட்டன் கியர் காருக்கு 400 குதிரைத்திறன் என்று விளம்பரம் சொல்கிறதென்றால், ஒன்று விற்பவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் சொல்லும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

“எண்கள் பொருந்தும் என்ஜின்” என்பதும் அப்படித்தான். கிரைஸ்லர் நிறுவனம் காரின் அடையாள எண்ணை என்ஜினிலும் பொறிக்கத் தொடங்கியது 1968 மாடல்களிலிருந்து. 1960 காரில் பொருந்துவதற்கு அப்படி ஒரு எண் என்ஜினில் கிடையாது. என்ஜினுக்குச் சொந்தமாக ஒரு எண்ணும், வார்ப்புத் தேதியும் இருக்கும். வார்ப்புத் தேதி காரின் தயாரிப்புத் தேதிக்குச் சற்று முந்தியதாக இருந்தால் அது ஒத்துப்போகிறது என்று சொல்லலாம். அதுதான் அந்த என்ஜின் என்று சத்தியம் செய்ய முடியாது. தயாரிப்புத் தேதியையும், முதலில் எந்த நிறத்தில், என்ன வசதிகளோடு வெளியே வந்தது என்பதையும் அறிய ஒரு வழி உண்டு. 1967 வரையிலான மாடல்களுக்கு, நிறுவனத்தின் வரலாற்று ஆவணப் பிரிவு அந்தக் காலத்துத் துளை அட்டைப் பதிவின் நகலைக் கட்டணத்துக்குத் தந்துவந்திருக்கிறது. விற்பவரிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இந்த விலைக்குக் கார் விற்பவரிடம் அது இருப்பதுதான் இயல்பு.

48,000 மைல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவு பழைய காருக்கு ஓடோமீட்டர் அளவை உறுதிப்படுத்தித் தர வேண்டும் என்ற சட்டக் கட்டாயமே இல்லை. அந்த எண்ணுக்காகக் கூடுதலாக ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

பளபளக்கும் பெயின்ட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் பணத்தின் கேள்வி. கிரைஸ்லர் தனிச் சட்டகத்தைக் கைவிட்டு, உடலும் சட்டகமும் ஒன்றாக வெல்டிங் செய்த அமைப்புக்கு மாறியது 1960-இல்தான். அந்த அமைப்பில் தரைத் தகடும் கதவுக்குக் கீழுள்ள பெட்டி விளிம்பும் காரைத் தாங்கும் எலும்புகள். கூரை இல்லாத கன்வர்ட்டிபிளில் சுமை முழுக்க அவற்றின் மேல்தான். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஓஹியோ, மிச்சிகன் பகுதிகளில் இந்த இடங்கள் அரித்துப்போவது வழக்கம். முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் பின்னால் போய் மாட்டும் குறுக்குச் சட்டத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அது துருவில் விட்டுப்போனால் காரின் முன்பகுதி அப்படியே உட்கார்ந்துவிடும். பட்டி போட்டு மூடியிருந்தால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. காந்தமும், பெயின்ட்டின் தடிமனை அளக்கும் கருவியும் காட்டிக்கொடுக்கும். கூரையை இறக்கிவிட்டுக் காரை ஜாக்கியில் தூக்கும்போது கதவின் இடைவெளி மாறுகிறதா, கதவு திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பெயின்ட் அடிப்பதற்கு முன் எடுத்த புதுப்பிப்புப் புகைப்படங்களைக் கேளுங்கள். உண்மையாக உழைத்தவர்கள் அதை ஆல்பம் போட்டு வைத்திருப்பார்கள். காட்டாமல் அனுப்ப மாட்டார்கள்.

இந்தப் பரிசோதனையை உங்கள் நண்பரின் மெக்கானிக் செய்யக்கூடாது. கிரைஸ்லர் 300 கிளப் இன்டர்நேஷனல் என்ற சங்கத்தில் இந்த வரிசைக் கார்களைத் திருகாணி வரை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மூலம் ஒரு பரிசோதகரைப் பிடியுங்கள்.

முன்பணமும் மீதமுள்ள 12 நாளும்

மனம் மாறிவிட்டது, மனைவிக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லிப் பின்வாங்கினால், 10,000 டாலர் பெரும்பாலும் போனதுதான். திருப்பித் தரப்படாது என்ற வரியை நீதிமன்றம் கேள்வி கேட்கலாம். நியாயமற்ற தண்டத் தொகை என்றால் தள்ளலாம். ஆனால் மொத்த விலையில் அது ஏழு விழுக்காடு அளவுதான் என்பதால், அந்த வாதத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. விற்பவர் சுத்தமான டைட்டில் தர முடியாமலோ, சொன்ன விவரம் பொய்யாகியோ ஒப்பந்தம் முறிந்தால் கதை வேறு. அப்போது தவறு அவர் பக்கம். முன்பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இப்போது உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் அதே சட்டத் தொகுப்பின் 2-609 பிரிவு. எதிர்த்தரப்பு ஒப்பந்தத்தை நிறைவேற்றுமா என்று ஐயப்பட நியாயமான காரணம் இருந்தால், போதிய உறுதி தரும்படி எழுத்தில் கேட்கலாம். அது வரும்வரை உங்கள் பங்கை நிறுத்தி வைக்கலாம். நியாயமான காலத்துக்குள், அதிகபட்சம் 30 நாளுக்குள், உறுதி வராவிட்டால் அவர் ஒப்பந்தத்தை மறுத்ததாகச் சட்டம் கொள்ளும். மூன்றாவது மனிதர் பெயரில், வாங்குபவர் பெயர் காலியாக உள்ள டைட்டில் என்பது ஐயப்பட நல்ல காரணம். பணம் செலுத்தும் முன் பொருளைப் பரிசோதிக்கும் உரிமையும் பொதுவாக வாங்குபவருக்கு உண்டு.

ஆகவே இந்த வாரமே ஒரு கடிதம் போக வேண்டும். உரிமையாளரிடமிருந்து முறையான டைட்டில் மாற்றம், கடன் இல்லை என்பதற்குச் சான்று, விளம்பரக் கூற்றுகளின் எழுத்து உறுதி, உங்கள் பரிசோதகருக்கு ஒரு நாள் அனுமதி ஆகிய நான்கையும் கேளுங்கள். வாங்க விருப்பமாக இருக்கிறேன், பணமும் தயார் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பின்வாங்கியது நீங்கள் என்று அவர் சொல்ல இடம் கொடுக்கக்கூடாது. கடிதத்தை ஓஹியோவில் உரிமம் பெற்ற வழக்கறிஞர் ஒருவர் பார்த்துத் திருத்தட்டும். அந்த ஒரு மணி நேரக் கட்டணம், போட்டிருக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. மீதித் தொகையை நேரே அவர் கணக்குக்கு அனுப்பாமல், மூன்றாம் தரப்பு ஒருவர் பணத்தை வைத்திருந்து, டைட்டில் கைக்கு வந்ததும் விடுவிக்கும் எஸ்க்ரோ கணக்கில் போடச் சொல்லுங்கள்.

ஜெர்மனிக்காரர் வாங்கிக்கொண்டால் வாங்கிக்கொள்ளட்டும். அவரும் இதே டைட்டிலைத்தான் பார்ப்பார்.

ஓய்வூதியக் கணக்கில் கை வைக்கும் முன்

60 வயதைக் கடந்துவிட்டதால் 401-கே பணத்துக்கு வரி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பலருக்கும் இருக்கும் தவறான எண்ணம் இது. 59½ வயதுக்குப் பிறகு நீங்குவது 10 விழுக்காடு அபராதம் மட்டும்தான். வழக்கமான 401-கே என்றால், எடுக்கும் தொகை முழுவதும் அந்த ஆண்டின் வருமானத்தோடு சேர்ந்து வரிக்குள்ளாகும். ஒரே ஆண்டில் இவ்வளவு எடுத்தால் வரி விகிதப் படியும் மேலே ஏறும். தொகையை உங்கள் கையில் தரும்போதே கூட்டாட்சி வரிக்காக 20 விழுக்காடு பிடித்துவிடுவார்கள். கையில் 1,45,000 டாலர் வர வேண்டுமானால் 1,81,250 டாலர் எடுக்க வேண்டும். ஓஹியோவில் வாங்கினாலும் மிச்சிகனில் பதியும்போது ஆறு விழுக்காடு வரி உண்டு. அது 8,700 டாலர். ஆக, உங்கள் மனைவி எதிர்க்கும் கார் நீங்கள் அவரிடம் சொன்ன விலையில் இல்லை. முதலில் இந்தக் கணக்கை அவரிடம் சொல்லுங்கள். அப்படியும் எடுப்பதென்றால், தொகையை இரண்டு வரி ஆண்டுகளாகப் பிரிக்க முடியுமா, முதலில் தனிநபர் ஓய்வூதியக் கணக்குக்கு மாற்றி அங்கிருந்து எடுத்தால் உடனடிப் பிடித்தம் குறையுமா என்று வரி ஆலோசகரிடம் கேளுங்கள்.

இது ஒரு முதலீடு என்று அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்திருக்கிறீர்கள். அந்த வாதத்தை விட்டுவிடுங்கள். இந்தக் கார்களைத் தங்கள் இளமையில் தெருவில் பார்த்து ஏங்கியவர்கள் இன்று எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த தலைமுறை இதே விலை தருமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆசைக்காக வாங்குகிறேன் என்று நேராகச் சொல்வதே மரியாதை. அவருடைய பாதுகாப்புக் கவலையையும் புறந்தள்ளாதீர்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஒரே திரவச் சுற்று. ஓரிடத்தில் ஒழுகினால் மொத்தப் பிரேக்கும் போகும். சீட் பெல்ட் கட்டாயமாவதற்கு முந்திய கார், எடையோ ஏறக்குறைய இரண்டு டன். பெல்ட்டும் இரட்டைச் சுற்றுப் பிரேக்கும் பொருத்தினால் அசல் தன்மை கொஞ்சம் குறையும்தான். குறையட்டும்.

காப்பீடு, நம்பர் பிளேட், கோவை

சாதாரணக் காப்பீடு தேய்மானம் கழித்த மதிப்பைத்தான் தரும். இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகையைத் தரும் சேகரிப்பாளர் பாலிசி எடுங்கள். காரை ஏற்றிய லாரி ஓஹியோவிலிருந்து புறப்படும் முன்பே அது நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். மிச்சிகனில் 26 ஆண்டு கடந்த கார்களுக்குத் தரப்படும் வரலாற்று வாகன நம்பர் பிளேட் மலிவானது. ஆனால் அதை வைத்துக்கொண்டு தினமும் கடைக்குப் போக முடியாது: சங்க நிகழ்ச்சி, கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான். ஆகஸ்ட் மாதம் மட்டும் விலக்கு. அந்த மாதம் முழுக்க ஓட்டலாம். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் பழைய கார்களின் பெருவிழாவை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆண்டு முழுக்க ஓட்ட விரும்பினால் வழக்கமான பிளேட் வாங்குங்கள்.

கோவைக் கனவுக்கு இன்று கதவு முன்பைவிடத் திறந்திருக்கிறது. முன்பு 1950-க்கு முந்திய கார்களுக்குத்தான் உரிமம் இல்லாமல் இறக்குமதி செய்ய இடம் இருந்தது. 2025-இல் அது 50 ஆண்டு கடந்த கார்கள் என்று தளர்த்தப்பட்டது. உங்கள் கார் அதில் அடங்கும். ஆனால் சுங்கத் தீர்வையும் மற்ற வரிகளும் சேர்ந்து காரின் மதிப்பையே விஞ்சும். 2021 விதிகளின்படி பழங்கால வாகனப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து ஆண்டு செல்லுபடி, எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். இடப்பக்க ஸ்டியரிங் என்பதால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-ஆவது பிரிவு கேட்கும் சைகைக் கருவியும் வேண்டும். ஐந்து ஆண்டில் விதிகள் இன்னும் மாறலாம். அதை நம்பி இன்று விலை பேச வேண்டாம்.

கடைசியாக, மனைவி பெயரில் வாங்கும் யோசனை. மிச்சிகனில் பொதுவாக உங்கள் 401-கே பணத்தை எடுக்க அவர் கையெழுத்து தேவைப்படாது. சில திட்டங்கள் மட்டும் கேட்கும். உங்கள் திட்ட ஆவணத்தைப் பாருங்கள். கார் அவர் பெயரில் இருந்தால் நிலைமை வேறு. அந்த மாநிலச் சட்டப்படி, உரிமையாளரின் சம்மதத்தோடு ஓட்டுபவரின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தால் உரிமையாளரும் பொறுப்பாளி. ஓட்டுபவர் குடும்பத்தினராக இருந்தால், சம்மதம் இருந்தது என்றே சட்டம் முதலில் ஊகிக்கும். அதாவது, வேண்டாம் என்று சொன்ன காருக்கு, நீங்கள் ஓட்டும் ஓட்டுக்கு, அவர் மேல் வழக்கு வரலாம். இதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்துக் கேளுங்கள். சொன்ன பிறகும் அவர் போட்டால், தாராளமாக அவர் பெயரில் வாங்குங்கள்.